மழை என்னும் எதிர்பாராத செலவினம்

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் ஒரு ரூபாய்கூட லஞ்சம் வாங்கியதில்லை. ஆனால் முழு நேர்மையோடு, ஒரு விதியையும் மீறாமல், ஓர் ஊரையே முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறேன். லஞ்சம் வாங்குகிறவர்களால் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

அப்போது நான் தாம்பரம் பக்கத்து நகராட்சி ஒன்றில் கணக்கர். (எது என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) செப்டம்பர் கடைசியில் அரையாண்டுச் சொத்து வரி வந்து சேரும். செலவுக்குப் போக மிஞ்சுவதை வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். பல கணக்கர்கள் தெருமுனை வங்கி மேலாளர் கொடுக்கும் காலண்டரை வாங்கிக்கொண்டு அங்கேயே போட்டுவிடுவார்கள். நான் ஏழு வங்கிகளுக்குக் கடிதம் எழுதி, மூடிய உறையில் வட்டி விகிதம் கேட்டேன். ஒரு மேலாளர் அல்வாப் பெட்டியோடு வந்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

உறைகளைப் பிரித்ததில் ஒரு வங்கி மற்றவற்றைவிடக் கால் சதவீதம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஓராண்டு முடியும்வரை பணத்தைத் தொட முடியாது. அவசரம் என்றாலும் முடியாது, வட்டியை விட்டுக்கொடுத்தாலும் முடியாது.

"யோசிச்சுக்குங்க சார்," என்றார் அந்த வங்கியின் மேலாளர்.

"யோசிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றேன். (இப்படியெல்லாம் பேசுவேன். அந்தக் காலத்தில் யாரும் என்னை அடித்ததில்லை என்பது ஆச்சரியம்தான்.)

எவ்வளவு பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது என்பதற்கு மாதவாரியாக ஓர் அட்டவணை தயாரித்தேன். சம்பளம், மின்கட்டணம், குப்பை லாரி டீசல், நகர்மன்றக் கூட்டத்துக்கு டீ, வடை எல்லாம் இருந்தன. வடைக்கு விலை ஏறும் என்று ஐந்து சதவீதம் கூட்டியும் போட்டிருந்தேன். அட்டவணையைத் தட்டச்சு செய்த உதவியாளர் செல்வி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், நவம்பர்ல மோட்டார் வாடகைக்கு ஒண்ணும் காணோமே?"

மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க வாடகைக்கு எடுக்கும் டீசல் மோட்டாரைத்தான் கேட்டார்.

"அது எந்தத் தலைப்புல வரும்மா?"

"எதிர்பாராத செலவினம்."

"எதிர்பாராததை எப்படி எதிர்பார்த்து அட்டவணையில போடறது?"

செல்வி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தட்டச்சைத் தொடர்ந்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் விளங்கியது.

ஆணையர் கையெழுத்திட்டார். நான் நீட்டும் தாளில் அவர் படிக்காமல் கையெழுத்திடுவார். அந்த அலுவலகத்தில் நான் சம்பாதித்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான்.

நவம்பரில், இந்தக் கரையில் மனிதர்கள் குடியேறிய நாளிலிருந்து பெய்துவருகிற மழை, அந்த ஆண்டும் பெய்தது. இரண்டே நாளில் ஏரி நிறைந்தது. மூன்றாம் நாள் காலை தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். இன்னொரு நாள் விட்டால் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்துவிடும் என்று சுகாதார ஆய்வாளர் சொன்னார். தாழ்வான வீடுகளில் ஒன்று என்னுடையது.

ஆணையர் கூப்பிட்டனுப்பினார்.

"மோட்டாருக்குப் பணம் இருக்கா?"

"இருக்கு சார்."

"எடுங்க."

"எடுக்க முடியாது சார்."

"அப்ப இல்ல."

"இருக்கு சார். எடுக்கத்தான் முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "குடிநீர் நிதியிலேர்ந்து எடுக்கலாமா? இதுவும் தண்ணிதானே?"

"தணிக்கையில ஒத்துக்க மாட்டாங்க சார். இது குடிக்கிற தண்ணி இல்ல."

இந்தப் பதிலை அன்றைக்குப் பெருமையோடு சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வங்கி மேலாளரிடம் ஓடினேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் எங்கள் முத்திரை, என் சுருக்கொப்பம். "யோசிச்சுக்குங்கன்னு சொன்னேனே சார்," என்றார் வருத்தமாக. அவர் மேசைமேலும் ஓர் அல்வாப் பெட்டி இருந்தது. வேறு யாரோ வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி கடன். கோவிலம்பாக்கத்தில் மோட்டார் வாடகைக்கு விடும் தனசேகரிடம் போனேன். அவருடைய முந்தைய ஆண்டு பில்லை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். மோட்டார் எத்தனை மணிக்கு நின்றது என்ற விவரம் இல்லை என்று குறிப்பு எழுதியிருந்தேன். தனசேகர் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு வருவதை ரசித்துப் பார்த்தார்.

"வா சார். இன்னா இந்தப் பக்கம்?"

"மோட்டார் வேணும் தனசேகர். பணம் கொஞ்ச நாள் கழிச்சு."

"போன வருசத்துதே நிக்குது. மோட்டாரு எத்தினி மணிக்கு நின்னுச்சின்னு கேட்டு எழுதினியே சார். தண்ணி தீந்தப்போ நின்னுச்சி. வேற இன்னா எழுதறது?"

"அதையும் சேர்த்துப் பாஸ் பண்ணிடறேன்."

"எங்கப்பா இதே மாதிரி மோட்டார வெச்சிதான் ஏரிலேர்ந்து வயலுக்குத் தண்ணி வுட்டாரு. நான் வூட்லேர்ந்து ஏரிக்கு வுடறேன். வயல்ல போயி வூடு கட்டிகினு, பேஜார் பண்றீங்கோ சார் நீங்கள்ளாம்." எழுந்து நின்றார். "கடனுக்குத் தரேன். ஆனா வாடகை ஒண்ணரை மடங்கு. அப்பால, எந்தத் தெருவுக்கு மொதல்ல போவும்னு நான்தான் சொல்லுவேன்."

"சரி."

"உன் தெரு கடசீல."

யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யோசிக்காமல் தலையாட்டினேன். ஊருக்குள் பதினோரு மோட்டார்கள் வந்தன. வரிசையாகத் தெருக்கள் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன. மறுநாள் மதியம் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

மனைவி வசந்தா மாடி வீட்டுக்காரர் கொடுத்த அறையில் அடுப்பை வைத்துக்கொண்டு, படிக்கட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டி லேசாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதை வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஏங்க, அடுத்த தெருவுல மோட்டார் ஓடுது. நமக்கு எப்ப வரும்?"

"வரிசைப்படி வரும்."

"யாரு போட்ட வரிசை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கால் சதவீதம், அட்டவணை, செல்வி கேட்ட கேள்வி, ஆணையர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில்கள் எதையும் விடவில்லை. மாடி வீட்டுக்காரர், அவர் மனைவி, எதிர் வீட்டு அண்ணன் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லாததால் வேறு பொழுதுபோக்கும் இல்லை.

"நவம்பர்ல மழை பேயும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் வசந்தா.

"தெரியும்."

"அப்பறம்?"

"அதிகாரபூர்வமா தெரியாது."

எதிர் வீட்டு அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் வீட்டிலும் தண்ணீர் இருந்ததால் அவருக்கு அழவும் உரிமை இருந்தது. ஆனால் தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த மூன்றாம் நாள்தான் எங்கள் தெருவுக்கு மோட்டார் வந்தது. தனசேகரே வந்து, மோட்டார் நின்ற நேரத்தை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

இடமாற்றமோ தண்டனையோ நிச்சயம் என்று நினைத்தேன். மறு ஆண்டு தணிக்கை வந்தது. மோட்டார் வாடகைக்கு எடுத்ததில் விலைப்புள்ளி கோரவில்லை, ஒன்றரை மடங்கு வாடகைக்குக் காரணம் பதிவு செய்யப்படவில்லை என்று இரண்டு ஆட்சேபணைகள். இரண்டுக்கும் நானே விளக்கம் எழுதினேன். முதலீடு குறித்து ஒரே வரிதான்: உபரி நிதி மிகச் சிறந்த முறையில் முதலீடு செய்யப்பட்டுள்ளது. கூடுதலாகக் கிடைத்த கால் சதவீத வட்டி, கூடுதலாகக் கொடுத்த அரை மடங்கு வாடகைக்குக்கூடப் போதவில்லை. அந்தக் கணக்கைக் கேட்கத் தணிக்கையில் பத்தி இல்லை. நானும் வலியச் சொல்லவில்லை. அதை அன்றிரவு வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். அங்கேதான் தவறு செய்தேன்.

போன ஆண்டு என் மகளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை சேலையூரில் ஒரு வங்கியில் வேலை. முதல் முறை விருந்துக்கு வந்தவரிடம் எங்கள் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். அம்மா நன்றாகச் சமைப்பாள், சித்தப்பா நன்றாகப் பாடுவார் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் என்னிடம் வந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்கு மூளை நிறைய இருக்கு. எடுக்கத்தான் முடியாது."

பாவம், மாப்பிள்ளைக்குக் கதை தெரியாது. தொழில் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப வட்டி கொஞ்சம் கூடுதலா வருமே?"

சாம்பார் வாளியோடு வந்த வசந்தா நிற்காமல் சொன்னாள்: "கால் சதவீதம், மாப்ளே."