மூடிக்கு மேலே ஒட்டிய வேகம்

ஒரு மனிதர் பிறந்தார், இருக்கிறார், இறந்தார் என்ற மூன்று செய்திகளை எழுத்தில் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. பிறப்பதும் இருப்பதும் இறப்பதும் தாமாகவே நடந்துவிடும். சான்றிதழ்தான் தானாக வராது. அதற்கு ஒரு கணினி தேவைப்பட்டது. கணினிக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பும், தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவளைக் கவுண்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

கணினி, கம்பெனியிலேயே எல்லாவற்றையும் பூட்டி, மூடி, முத்திரை ஒட்டி அனுப்பிய முழு டப்பா. அலுவலகம் திறந்ததும் அக்கா பொத்தானை அமுக்குவாள். உள்ளே விசிறி, கிளம்ப மனமில்லாத பஸ் மாதிரி உறுமும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். அக்கா மேசையைத் துடைப்பாள். வட்டம் சுற்றும். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். வட்டம் சுற்றும்.

வரிசையின் தலையில் எப்போதும் பென்ஷன்காரர் நிற்பார். மாதாமாதம் தாம் உயிரோடிருப்பதை நிரூபித்தால்தான் அவருக்குப் பென்ஷன் வரும்.

"ஏம்மா, நான் உயிரோட இருக்கேன்னு நீ எழுதிக் குடுக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கே."

"அப்படிப் போனீங்கன்னா அதுக்கும் இதே கவுண்டர்தாங்க ஐயா."

வாய்க்கு வாய் பேசிவிட்டாலும் அக்காவுக்கு உள்ளூரப் பயம்தான். புகார் கூடினால் அவளை மலையடிவாரக் கிளைக்குத் தூக்கி அடிப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். அவள் வீடோ அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில். தையல்காரரான அவள் கணவர், ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். மத்தியானம் அவள் ஓடிப்போய்ச் சோறு போட்டு, அவரைத் தாங்கிப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் வந்தால்தான் ஆயிற்று. மலையடிவாரத்துக்கு ஒரே ஒரு பஸ். விடியும்போது போகும், இருட்டும்போது திரும்பும்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுமக்களின் பொன்னான நேரத்தைக் கருத்தில் கொண்டு, எல்லாக் கணினிகளிலும் திடநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. கூடவே ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே, பிஸ்கட் பாக்கெட்டை யாரோ மிதித்துவிட்டது போல, தட்டையாக, கறுப்பாக ஒரு பொருள். கடைக்காரர்கள் எஸ்எஸ்டி என்பார்கள். கணினிக்குள் இருக்கும் பழைய தட்டு திணறித் திணறிச் செய்கிற வேலையை இது கண்மூடித் திறப்பதற்குள் செய்யும். அரசுப் பெயர் யாருடைய வாயிலும் நுழையாததால் அலுவலகத்தில் அதை 'வில்லை' என்றார்கள்.

வில்லையைப் பொருத்த மெக்கானிக் வந்தார். திருப்புளியை எடுத்தார்.

"மூடியைக் கழட்டணும், ரெண்டு ஒயரை மாட்டணும், பழசுல இருக்கறதை இதுக்கு மாத்தணும். அவ்வளவுதான்."

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் சரக்கறை அதிகாரி. அலுவலகத்தின் நாற்காலி, மேசை, குப்பைக்கூடை வரைக்கும் அவர் பொறுப்பு. அவர் குனிந்து டப்பாவின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளிக் காகிதம். முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதியிருந்தது.

"உத்தரவாதம் முடிஞ்சு வருஷக்கணக்காச்சே சார்," என்றார் மெக்கானிக்.

"உத்தரவாதம் முடிஞ்சிருக்கலாம். முத்திரை முடியலையே?"

மெக்கானிக் திருப்புளியைத் தாழ்த்தினார். மேலாளர் தலையை ஆட்டி ஆமோதித்தார். சரக்கறை அதிகாரி தொடர்ந்தார்.

"என் பொறுப்புல இருக்கறது மூடின கம்ப்யூட்டர் ஒண்ணு. திறந்தா அது திறந்த கம்ப்யூட்டர். திறந்த கம்ப்யூட்டர் எதையும் நான் வாங்கினதே இல்லை. நாளைக்கு ஆய்வுல கேட்டா, மூடினது எங்கேன்னு நான் என்ன சொல்றது?"

"மறுபடி மூடிடுவேனே சார்."

"மூடினா அது மறுபடி மூடினது. வேற பொருள்."

முத்திரையை ஒட்டியவர்களே வந்து பிரித்தால் ஆட்சேபனை இல்லை என்று முடிவானது. கம்பெனிக்குக் கடிதம் போனது. கம்பெனி இழுத்து மூடப்பட்டு வெகுநாளாகியிருந்ததால், வாங்க ஆளில்லை என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. கம்பெனியின் தரப்பிலிருந்து எதிர்ப்பு ஏதும் வரவில்லை, ஆதரவும் வரவில்லை என்று கோப்பில் எழுதினார்கள்.

இதற்குள் மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வந்துவிட்டது. வில்லை பொருத்தியதற்குச் சான்றாகப் புகைப்படம் அனுப்ப வேண்டும். படத்தில் கணினியும் வில்லையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மேலாளர் நினைவூட்டலை இரண்டாவது முறை படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்பா மெக்கானிக், உள்ள போட்டா படத்துல தெரியுமா?"

"உள்ள போட்டா எப்படி சார் தெரியும்?"

"அப்ப உள்ள போடறது விதிக்கு விரோதம்."

மெக்கானிக் ஒரு நிமிஷம் திருப்புளியைப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை எடுத்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர். வில்லையை டப்பாவின் மூடிக்கு மேலே, நட்டநடுவில், நேராக ஒட்டினார். தள்ளி நின்று பார்த்து, "ஒரு ஒயர் தொங்கினா இன்னும் எடுப்பா இருக்கும் சார்," என்று, எங்கேயும் மாட்டாத நீலநிற ஒயர் ஒன்றையும் தொங்கவிட்டார். முத்திரை பத்திரமாக இருந்தது. படம் தெளிவாக வந்தது. மேலாளர் கத்தரிக்கோலால் நாடா வெட்டினார். அலுவலகம் நவீனமயமாகிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"சார், இது மேல சும்மா உட்கார்ந்திருக்கே, வேலை செய்யுமா?"

"செய்யணும். அரசாங்கம் குடுத்தது எப்படிச் செய்யாம போகும்? இதுவரைக்கும் மெஷின் மெதுவா இருந்துச்சு, மன்னிச்சோம். இனிமே லேட்டானா அது மெஷின் குத்தம் இல்லை, உங்க குத்தம். ஆய்வாளர் வேற வரப்போறார். மலையடிவாரம் ஞாபகம் இருக்கட்டும்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்த துணி மாதிரி இருக்கு?"

அவள் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு கட்டிலில் இடித்தது.

"ஐயோ, அம்மா! அந்த வில்லையை ஒண்ணு வாங்கிட்டு வா. என் கட்டு மேல ஒட்டினா எலும்பு சீக்கிரம் கூடும்."

"நீங்க சிரிங்க. என்னை அங்க மாத்தினா உங்களைக் கொல்லைக்கு யார் கூட்டிட்டுப் போவா? வில்லையா?"

சிரிப்பு நின்றது.

மறுநாள் அக்கா, அலுவலகம் திறப்பதற்கு வெகுமுன்னே போய், காவலாளிக்கு ஒரு தம்ளர் டீயைக் கொடுத்துக் கதவைத் திறக்கச் செய்தாள். பொத்தானை அமுக்கினாள். வட்டம் தன் இஷ்டப்படி சுற்றி முடித்தது. தேவையான பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். வழக்கமாக வருகிறவர்களின் சான்றிதழ்களை முன்கூட்டியே அடித்து வைத்தாள். பிறகு கணினித் திரையை மட்டும் அணைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து வரிசை உள்ளே வந்ததும் திரைப் பொத்தானைத் தட்டினாள். பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

பென்ஷன்காரர் வாயைத் திறப்பதற்குள் சான்றிதழ் அவர் கையில் இருந்தது.

"என்னம்மா இது, நான் உயிரோட இருக்கேனான்னு கேட்கவே இல்லையே?"

"இருக்கீங்களா?"

"நீதான் முன்னாடியே எழுதிட்டியே. இருந்துதானே ஆகணும்."

அவர் வெளியே போய், வில்லை என்றால் வில்லைதான் என்று தெருவெல்லாம் சொன்னார். தினமும் இப்படியே நடந்தது. மேலாளர் வில்லையைத் தூசி தட்ட ஒரு தனித் துணி ஒதுக்கினார்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர் பாய்லரில் ஒரு வில்லையை ஒட்டினார். தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதாக அவருக்கே தோன்றியது. படிப்பு ஏறாத பிள்ளைகளின் புத்தகப் பையில் தாய்மார்கள் ஒட்டினார்கள். மேலாளர் தன் செல்போனின் முதுகில் ஒட்டிக்கொண்டார். வில்லை இல்லாத வண்டியில் ஏறுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. மெக்கானிக், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகளைத் தருவித்து விற்றார். வெளியே ஒட்டுவதற்கு உள்ளே எதற்கு என்பது அவர் நியாயம். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்காவின் கணவரும் எத்தனை நாள்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்? வெல்வெட் துணியின் வெட்டுத் துண்டுகளை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே கைத்தையலில் வில்லைக்கு உறை தைக்கத் தொடங்கினார். ஓரத்தில் சின்னதாக ஒரு பூ. உறைகள் சுடச்சுடப் போயின.

"ஏங்க, இது ஏமாத்து இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"நான் என்ன வேகத்தையா விக்கறேன்? துணி விக்கறேன்."

ஒருநாள் ஆய்வாளர் வந்தார். இறுக்கமான மனிதர். கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆன் பண்ணுங்க," என்றார். அக்கா விடியலிலேயே எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். திரைப் பொத்தானைத் தட்டினாள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் திரை வந்துவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அவர் அதை உதறிப் பார்த்தார்.

"பொதுமக்கள் என்ன சொல்றீங்க?"

"பறக்குது ஐயா," என்றார் பென்ஷன்காரர். வரிசை முழுவதும் கைதட்டியது. அக்காவும் தட்டினாள். தப்பித்தோம் என்று அவள் நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த வாரம் ஆணை வந்தது. மேலாளர் அதைக் கண்ணியமான குரலில் வாசித்தார். மேற்படி கணினியே வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுவது நேரில் உறுதி செய்யப்பட்டதால், அங்கே ஒரு முழுநேர ஊழியர் உபரியாகிறார். அன்னாரின் சேவை, மனிதக் கைகள் இன்னும் தேவைப்படும் மலையடிவாரக் கிளைக்கு மாற்றப்படுகிறது. கவுண்டரைச் சரக்கறை அதிகாரி ஒழிந்த நேரத்தில் பார்த்துக்கொள்வார்.

அக்கா மேலாளரின் மேசைக்கு ஓடினாள்.

"சார், அந்த வில்லை ஒண்ணுமே செய்யலை சார். நான்தான் விடியக்காலையில வந்து எல்லாத்தையும் திறந்து வைக்கறேன். அது வெறும்னே ஒட்டிக்கிட்டு இருக்கு சார்!"

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா. அனுமதி இல்லாம ஆபீஸைத் திறந்திருக்கீங்க. கரண்டை எரிச்சிருக்கீங்க. செத்தாரா இருக்காரான்னு பார்க்காமலே உயிர்ச் சான்றிதழ் அடிச்சிருக்கீங்க. எல்லாத்துக்கும் மேல, ஆய்வாளரையே ஏமாத்தியிருக்கீங்க. நல்லவேளை, இது எனக்குத் தெரியாது."

அவள் போனாள். விடியும்போது கிளம்பும் பஸ் அவளை அலுவலகம் திறப்பதற்கு வெகுமுன்னே மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. வேறு பஸ் இல்லை. உட்கார வேறு இடமும் இல்லாததால் அங்கிருந்த காவலாளியிடம் கேட்டு உள்ளே போனாள். அங்கேயும் அதே மாதிரி டப்பா. மூடிக்கு மேலே ஒரு வில்லை, வெல்வெட் உறையோடு, ஓரத்தில் சின்னதாக ஒரு பூ. அதைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மதியச் சோற்றைக் கணவர் கைக்கெட்டும் தூரத்தில் மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். கொல்லைக்குப் போக ஒரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு நொண்டப் பழகியிருந்தார் மனிதர். பொழுது போகாமல் பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. சுற்றி முடித்தது. வரிசை வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

அவள் வந்த சில நாளிலேயே மலையடிவாரக் கிளை பறக்கத் தொடங்கியது. வேகத்தைக் கேள்விப்பட்டு ஆய்வாளர் இங்கேயும் வரப்போவதாகச் செய்தி வந்தது. மெதுவாகப் போனால் தண்டனை மாற்றம், வேகமாகப் போனால் உபரி மாற்றம் என்பது அக்காவுக்கு இப்போது புரிந்தது. இரண்டுக்கும் பஸ் ஒன்றுதான்.

அன்றைக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம் ஒன்று நின்றது. பென்ஷன்காரர்.

"ஐயா, நீங்க எங்க இவ்வளவு தூரம்?"

"என்னம்மா செய்யறது? நீ போன மறுநாளே நம்ம ஆபீஸ் படுத்துடுச்சு. வில்லை தேஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு குடுத்தோம். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு ஒட்டியிருக்காங்க. அப்பவும் வட்டம்தான் சுத்துது. இங்க ஒரே வில்லையில பறக்குதாமே?" அவர் தடுப்பின் துளை வழியாக எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லும்மா. என்ன விசேஷம்?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். ஒருமுறை உண்மையைச் சொன்னபோது மேலாளர் கதவைச் சாத்தியது ஞாபகம் வந்தது. குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள்.

"எல்லாம் உறையிலதாங்க ஐயா இருக்கு," என்றாள். "சிவப்பு வேணுமா, நீலமா?"