லிட்டருக்கு இருபது

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று என் மனைவியை ஜெயித்தே தீருவது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை. ஒருமுறை கேரம் ஆட்டத்தில் நடக்க இருந்தது. அதற்குள் கரண்ட் போய்விட்டது.

சண்டை எங்கள் வண்டியைப் பற்றி. நாலு மாதத்துக்கு முன் ஒரு குட்டி எஸ்யூவி வாங்கினேன். ஒரு லிட்டர் இன்ஜின், மூன்று சிலிண்டர், மேலே டர்போ. "சின்ன இன்ஜின் சார், சிக்கனம். அழுத்தினா டர்போ வந்து தள்ளும். சீறும், ஆனா குடிக்காது. லிட்டருக்கு இருபது!" என்றார் விற்றவர். வண்டி சீறியது. குடிக்கவும் செய்தது. கொடுத்தது பதினொன்று.

என் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டு வர வேண்டும். குத்துவதில் கைதேர்ந்தவள். வீட்டுக்கு வந்த பிறகும் தொழிலை மறப்பதில்லை.

"ஏங்க, பகல் பூரா வண்டி உங்க ஆபீஸ் வாசல்ல சும்மாதானே நிக்குது? நீங்க ஸ்கூட்டர்ல போங்க. நான் ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு அந்த ஸ்கூட்டர்ல வெயில்ல அலையறேன். வண்டி எனக்கு வேணும்."

"இது டர்போ வண்டிம்மா. ஓட்டறதுக்கு ஒரு பக்குவம் வேணும்."

"பதினொண்ணு கொடுக்குதே, அதுதான் பக்குவமா?"

"யாரு சொன்னா பதினொண்ணு? இருபது!"

"டர்போன்னு பேரு வச்சப்பவே நான் யோசிச்சிருக்கணும். டர்ருனு வண்டி போகுது, போ போன்னு பெட்ரோலும் போகுது."

"நிரூபிச்சுக் காட்டவா?"

"காட்டுங்க. ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வருவோம். போக வர இருநூறு கிலோமீட்டர். டேங்கை நிரப்பிட்டுக் கிளம்புவோம், வந்து மறுபடி நிரப்புவோம். பதினெட்டுக்குக் கீழ வந்துச்சுன்னா வண்டி எனக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பரம்பரைச் சொத்து.

ஞாயிற்றுக்கிழமை டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். ஆக்சிலரேட்டருக்கும் என் செருப்புக்கும் நடுவில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பயத்தில் மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. ஏசி போடவில்லை. காற்று இழுக்கும் என்று கண்ணாடியையும் இறக்கவில்லை. இருவரும் இட்லிபோல் வெந்தோம். ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது. போனவர் திரும்பிப் பார்த்து, "ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டார்.

ஒரே ஒரு மேட்டில் அழுத்த வேண்டியதாயிற்று. உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"டர்போ முழிச்சுக்கிச்சு போலிருக்கே?" என்றாள்.

"இல்ல, புரண்டு படுக்குது."

இத்தனைக்கும் பிறகு பதினாலைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் நாளே பெட்ரோல் பம்பில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழனிடம் சொல்லி வைத்திருந்தேன். "பத்து லிட்டர் போட்டதும் நிறுத்திடு. ஃபுல்லுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

திரும்பி வந்ததும் அவன் சொன்னபடி செய்தான். என்ன, ஊருக்கே கேட்கும்படி, "ஃபுல்லுங்க!" என்று கத்திவிட்டான்.

அவள் மீட்டரைப் பார்த்தாள். "பத்து லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்குப் பத்து. அப்போ..."

"இருபது!" என்றேன்.

குனிந்து வண்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "என் மேலதாங்க தப்பு" என்றாள்.

பதினாறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அன்று சந்தோஷத்தில் இரண்டு முறை குளித்தேன்.

மறுநாள் காலை சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஆபீஸ் போக வர நாப்பது கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர். வாரத்துக்குப் பன்னிரண்டு. பம்புல சொல்லிட்டேன், டேங்க்ல இருக்கறது தீர்ந்ததும் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை போட்டுடுவாங்க."

"கூடக் கொஞ்சம்..."

"எதுக்கு? இருபது கொடுக்கற வண்டியாச்சே!"

என் சம்பளம் நேராக அவள் கணக்குக்குப் போகும். என் பர்ஸில் இருப்பது ஆபீஸ் அடையாள அட்டையும் பஸ்ஸுக்குச் சில்லறையும்.

டேங்கில் இருந்தது தீர்ந்த பிறகு வந்த முதல் வாரமே, வியாழக்கிழமை காலை வண்டி நடுச்சாலையில் நின்றது. அடுத்த வாரம் வேறு வழி கண்டுபிடித்தேன். பாதித் தூரம் வண்டி, மீதி பஸ். பாதி வழியில் ஒரு துணிக்கடை, அதன் பக்கத்தில் ஒரு பெரிய மரம். வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டு, கழுத்து டையை இறுக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்குவேன். மாலையில் அதே பஸ், அதே தொங்கல். வீட்டு வாசலில் மட்டும் டர்போவைச் சீறவிட்டு இறங்குவேன்.

இப்படியே மூன்று வாரம். ஒருநாள் ஆபீஸில் தண்ணீர்த் தொட்டி உடைந்து மதியமே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, வண்டி இல்லை!

துணிக்கடைக் காவலாளியிடம் ஓடினேன். "ஐயோ, என் வண்டியக் காணோம்!"

"எந்த வண்டி? அந்தச் செவப்பு வண்டியா?" என்றார் அவர். "அது அந்த அம்மா வண்டியாச்சே. தினம் காலைல அவங்க டிரைவர் கொண்டாந்து விட்டுட்டு பஸ் ஏறிடுவாரு. அந்தம்மா ஸ்கூட்டரை இங்க நிறுத்திட்டு வண்டிய எடுத்துட்டுப் போவாங்க." என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அந்த டிரைவர்?"

மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் வீட்டு ஸ்கூட்டர். டிரைவர் சீட் தினமும் ஏன் முன்னால் தள்ளியிருக்கிறது என்ற சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

பத்து நிமிஷத்தில் வண்டி பூனைபோல் வந்து நின்றது. உள்ளே ஏசி. முன் சீட்டில் ஐஸ் பெட்டி, பெல்ட் போட்டபடி.

"அட, இன்னைக்கு என்ன சீக்கிரம்?" என்றாள் என் மனைவி.

"எப்பலேர்ந்து இது?"

"நீங்க பஸ் ஏற ஆரம்பிச்ச மூணாம் நாள்லேர்ந்து. ரெண்டாவது சாவி பீரோல சும்மாதானே கிடந்துச்சு. இந்தத் தெருவுல மட்டும் எனக்கு மூணு சர்க்கரை, ரெண்டு கொலஸ்ட்ரால். நீங்க பஸ்ஸைத் துரத்தினதை அஞ்சு பேரும் பாத்துட்டுச் சொன்னாங்க."

"அப்போ பம்புல..."

"ஃபுல்லுன்னு கத்தினாரே, பெட்ரோல் முள்ளு ஃபுல்லைத் தொடலையே! ஊசியோடயே பிழைக்கறவ நான். அந்த ஊசிய மட்டும் பாக்க மாட்டேனா?"

"பெட்ரோல்?"

"நான் ஓட்டினதுக்கு நான் போட்டுக்கிட்டேன்."

இனி மறைக்க ஒன்றுமில்லை. காவலாளி வேறு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒத்துக்கறேன். நீ ஜெயிச்சுட்டே. இந்த வண்டி பதினொண்ணுதான் கொடுக்குது."

"உங்களுக்குப் பதினொண்ணு. கியரை மாத்தி, அழுத்தாம, சீரா ஓட்டினா எனக்குப் பதினாறு கொடுக்குதுங்க. அதுக்குத்தான் ஒரு பக்குவம் வேணும்."

அவள் கைப்பையைத் துழாவி ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினாள்.

"பேச்சுப்படி இனிமே இது உங்களுக்கு. பாத்துத் தள்ளிட்டு வாங்க, அதுல பெட்ரோல் இல்ல."