நிக்கல, நிறுத்தியிருக்கேன்

"நின்னுடுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"நிக்கல. நிறுத்தியிருக்கேன்," என்றார் டிரைவிங் மாஸ்டர்.

அவருடைய பாய்மரப் படகு சதுப்பின் நடுவே, சேற்றில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. கடல் இறங்கும் நேரத்தில் குறுக்குவழி என்று நாணலுக்குள் புகுந்தார். தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வடிந்துவிட்டது.

ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! படகு கிளப்பில் புதியவர்களுக்குப் பயிற்சி தர ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தப் பதவி கிடைத்தால் எல்லோரும் 'கேப்டன்' என்பார்கள். இன்று மாலை கமிட்டி கூடுகிறது. போட்டியில் இருப்பது இவரும் பல் டாக்டரும்தான்.

"கிளப்புக்கு ஒரு போன் போடுங்களேன்."

"போட்டு? சேத்துல மாட்டிக்கிட்டவன்தான் உங்களுக்குச் சொல்லித்தரப் போறேன்னு என் வாயாலேயே சொல்லவா?"

அப்போது நாணலுக்கு அப்பால் ஒரு தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே சாட்சாத் பல் டாக்டர். அவர் படகின் கீழ்ப்பாதியை நாணல் மறைத்திருந்தது.

"என்ன மாஸ்டர், மாட்டிக்கிட்டீங்களா?"

"சேச்சே. படகோட அடியைச் சுரண்டலாம்னு வந்தேன். நீங்க?"

"சும்மா, காத்து வாங்க."

சொன்ன வாய்க்காகச் சுரண்டியாக வேண்டும். பிரஷ்ஷும் கையுமாக இறங்கினார் மாஸ்டர். சேறு முழங்கால் வரை விழுங்கியது. காலை உருவியபோது கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை.

"வீட்டுல பாத்ரூமைத் தேய்ங்கன்னா இடுப்பு வலிக்கும்," என்றாள் மனைவி மேலிருந்தபடி. "பேசாம டாக்டர்கிட்ட ஒரு கயித்தைக் குடுத்து இழுக்கச் சொல்லுங்க."

"அதுக்கு இந்தச் சேத்துலயே குடித்தனம் பண்ணுவேன்."

அடுத்து நங்கூரம். அதைத் தோளில் சுமந்துபோய், தண்ணீர் இருந்த வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தார். அதைப் பிடிமானமாக வைத்துப் படகை நகர்த்துவது திட்டம். படகில் நின்று தம் கட்டிக் கயிற்றை இழுத்தார். படகு அசையவில்லை. நங்கூரம்தான் ஒரு கூடைச் சேற்றை வாரிக்கொண்டு சமர்த்தாக அவரிடமே திரும்பி வந்தது.

"நங்கூரத்தையும் கழுவுறீங்களா?" என்றார் டாக்டர்.

"அதுல மட்டும் அழுக்கு ஒட்டாதா என்ன?"

பாரத்தைக் குறைக்கலாம் என்று அடுப்பையும் மெத்தைகளையும் வெளியே வீசினார். பிறகு பெரிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார்.

"மாஸ்டர், அது குடிக்கிற தண்ணியா?" டாக்டரின் குரல் ஏனோ கம்மியது.

"ஆமா. பழசு. மாத்தணும்."

"முழுசாவா கொட்டுறீங்க?"

"எதையும் அரைகுறையா செய்யற பழக்கம் நமக்குக் கிடையாது, டாக்டர்."

மதியத்துக்கு மேல் கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் படகைச் சுற்றி வந்து நின்றது, ஆனால் தூக்கிவிடப் போதவில்லை. காற்று இருந்தது. பாயை ஏற்றினால் படகு இன்னும் சாயும், சாய்ந்தால் அடிப்பாகம் சேற்றை விட்டு எழும்பும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். மனைவியை ஓரத்துக்குத் தள்ளி உட்காரவைத்துப் பாயை ஏற்றினார்.

படகு முனகியது. அசைந்தது. அப்புறம் விருட்டென்று கிளம்பியே விட்டது.

மாஸ்டருக்கு நெஞ்சு விம்மியது. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு பெருமையை அனுபவித்ததில்லை. இந்தக் காட்சியை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சுக்கானை விட்டுவிட்டு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

ஆட்டி முடிப்பதற்குள் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டது. நாணலைக் கிழித்துக்கொண்டு போய், முன்பைவிட ஆழமாகச் சேற்றில் புதைந்து, டாக்டரின் படகுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் நின்றது.

"இப்பவும் நிறுத்தித்தான் இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

மாஸ்டர் பாயை இறக்கினார். கமிட்டி கண்முன் வந்தது. கேப்டன் பட்டம் காற்றில் போயிற்று. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"டாக்டர்..."

"மாஸ்டர்..." என்றார் டாக்டரும் அதே நேரத்தில்.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க முதல்ல சொல்லுங்க."

இருவரும் சொல்வதாக இல்லை. படகுக்குள்ளிருந்து எழுந்து வந்த டாக்டரின் மனைவி கணவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, மாஸ்டரின் மனைவியைப் பார்த்து உலர்ந்த உதடுகளால் சொன்னாள்:

"அக்கா, ஒரு வாய் தண்ணி இருந்தா குடுங்க. நாங்க நேத்து சாயங்காலத்துல இருந்து இங்கேயேதான் மாட்டிக்கிட்டு நிக்கிறோம்."