சாயம் போன எடிட்டர்

நீலம் போயிருந்தது. பச்சையும் போயிருந்தது.

புஷ்பராஜ் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். புரோகிராம் எழுதும் எடிட்டர் திறந்துதான் இருந்தது. ஆனால் சோதனைக்காக அவர் தட்டிய நான்கு வரிகளும் கறுப்பாகவே நின்றன. கட்டளைச் சொற்கள் நீலமாகவும், குறிப்புகள் பச்சையாகவும் மாற வேண்டும். புள்ளி வைத்தால், அடுத்து என்ன எழுதலாம் என்று ஒரு சின்னப் பட்டியல் வந்து விழ வேண்டும். புள்ளி வைத்தார். காத்திருந்தார். எதுவும் விழவில்லை. இடது ஓரத்து வரி எண்கள்கூட இல்லை.

கடைசியாகத் திறந்த கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொடுக்கினார். அதுவும் காலி.

அவருக்கு அமைதி பிடிக்கும். பஸ்ஸில்கூட யாரும் பேச்சுக் கொடுக்காத சீட்டாகப் பார்த்து உட்காருகிறவர். ஆனால் இந்தத் திரை காட்டிய அமைதி அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

நேற்று ஆயுத பூஜை. அதற்கு முந்தைய நாள் மாலை எல்லாம் சரியாக இருந்தது. அணைத்துவிட்டு, தேவிகாபுரம் பஸ் பிடித்து ஊருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் மனைவி ரத்னாவதி அங்கத்திய பாத்திரங்களைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு, இன்று விஜயதசமி காலையில் திரும்பி வந்து சுவிட்சைத் தட்டினால் இப்படி.

"கீதா, என் சிஸ்டத்த யாராச்சும் தொட்டாங்களாம்மா?"

பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த கீதா நிமிர்ந்தாள். "முந்தா நாள் சாயந்தரம் எல்லாத்துலயும் சரஸ்வதி படம் போட்டேன் சார். அவ்ளோதான். சாமி படம் போட்டதால போச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் சொல்லவில்லை. திரையில் வீணையோடு வீற்றிருந்த சரஸ்வதியைப் பார்த்தார். பூஜைக்குப் போய்வந்த சிபியு பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தன. இயந்திரத்துக்கு எல்லா மரியாதையும் நடந்திருக்கிறது. வேலைதான் நடக்கவில்லை.

ஆரணியில் தசரதனின் பட்டு மொத்த வியாபாரத்துக்காக அவர் ஒரு புரோகிராம் எழுதிவந்தார். எந்த நெசவாளர் வீட்டில் எந்தத் தறியில் எந்தச் சேலை ஓடுகிறது, எப்போது இறங்கும் என்று அது சொல்லும். இன்று மாலை வேலூரிலிருந்து முதலாளியின் மைத்துனர் சம்பந்தம் அதைப் பார்க்க வருகிறார். சம்பந்தத்துக்கு வேலூரில் தெரிந்த கம்பெனி ஒன்று இருக்கிறது; அவர்களிடம் ரெடிமேடாகவே ஒரு புரோகிராம் இருக்கிறதாம். சம்பந்தம் தலையாட்டினால் புஷ்பராஜுக்கு ஆரணி. ஆட்டாவிட்டால் மறுபடி சென்னை. சென்னை என்று யாராவது சொன்னாலே அவருக்கு முதுகு வலிக்கும்.

முதலில் கணினியை அணைத்துப் போட்டார். நிறம் வரவில்லை. எடிட்டரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தார். நிறம் காட்டுவது, பட்டியல் தருவது, வரி எண் போடுவது என்று ஒவ்வொன்றாக அவர் தேடித் தேடிச் சேர்த்திருந்த எல்லாமே காணவில்லை. எடிட்டர், பிறந்த அன்று இருந்த கோலத்தில் இருந்தது.

சென்னையில் பழைய நண்பன் ராஜ்குமாருக்குப் போன் செய்தார். மறுபடி இறக்கிப் போட்டுக்கொள்வதுதானே என்றான் அவன், ஏதோ கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல. அங்கே அவனுக்கு இன்டர்நெட் அப்படி. இங்கே மாடிக்கும் கீழே கடைக்கும் சேர்த்து ஒரே போன் லைன். தீபாவளி நேரம். தசரதன் கீழே ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் மேலே இறங்கிக்கொண்டிருந்தது அறுந்தது. முக்கால் பாகம் வந்தபின் அறுந்தது. அதைவிடக் கொஞ்சம் கூட வந்தபின்னும் அறுந்தது. கடைசியில் புஷ்பராஜ் படியிறங்கிப் போய், கொஞ்ச நேரம் போன் பேசாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். வியாபாரியிடம் கேட்கக்கூடிய கேள்விதானா இது என்பதுபோல் தசரதன் அவரைப் பார்த்தார். பிறகு, பெரிய மனசோடு, டீ குடிக்கும் நேரம் மட்டும் பேசாமல் இருந்தார்.

இறங்கிய எக்ஸ்டென்ஷன், தனக்கு இன்னும் புதிய எடிட்டர் வேண்டும் என்றது. புதிய எடிட்டர் ராஜ்குமார் எப்போதோ கொடுத்த சிடியில் இருந்தது. போட்டார். அது பழையதைத் தின்றுவிட்டு, தானும் திறக்கமாட்டேன் என்றது. காலையில் நிறமில்லாத எடிட்டராவது இருந்தது. மத்தியானத்துக்குள் எடிட்டரே இல்லை.

கீதா டிபன் டப்பாவைத் திறந்தாள்.

"சாப்புடலையா சார்?"

"இருக்கட்டும்மா."

"அப்புறம் இருட்டிட்டா நீங்க சாப்புட மாட்டீங்களே."

உண்மைதான். அவர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் எதையும் போடுவதில்லை. ஜைனக் குடும்பத்துப் பழக்கம். இந்த வேலை மாலையைத் தாண்டினால் நாளைக் காலை வரை பட்டினி. ஆனாலும் பசிக்கவில்லை. அவருடைய புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எடிட்டர் போனால் போகட்டும், எழுதியது இருந்தால் போதும்.

ஃபோல்டர் இல்லை.

அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. நியூ ஃபோல்டர். அதற்குக் கீழே நியூ ஃபோல்டர் இரண்டு. மூன்று. நான்கு. பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைத் திறந்தார். உள்ளே இன்னும் சில நியூ ஃபோல்டர்கள், அவற்றுக்குள் அவர் கேள்விப்பட்டிராத வகைக் கோப்புகள். மாடியின் எல்லாக் கணினியிலும் அவர் வெறுமனே போட்டுவைத்திருந்த எடிட்டர் கீதாவினுடையதிலும் இருந்தது; அதில் ஒன்றை எடுத்துப்போட்டுத் திறந்து பார்த்தார். கட்டம் கட்டமாக, புழு புழுவாக, எந்த மொழியுமில்லாத எழுத்துகள்.

"ஐயோ சார், என் சிஸ்டத்துல ஏன் தெறந்தீங்க?" கீதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல இதே மாதிரிதான். நியூ ஃபோல்டர்னு ஒண்ணு வந்துச்சாம். குட்டி போட்டுகினே போச்சாம். வைரஸ் சார் அது."

அவரும் கேள்விப்பட்டிருந்தார். வைரஸைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டார். அது நிதானமாக எல்லாவற்றையும் துழாவிவிட்டு, எந்தக் குறையும் இல்லை என்றது. கண்டுபிடிக்கவே முடியாத வைரஸ் என்றால் அது எப்பேர்ப்பட்ட வைரஸாக இருக்க வேண்டும்.

நியூ ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். உள்ளே போகப்போக இன்னும் இருந்தன. இப்படியே போனால் சம்பந்தம் வந்து, பார்த்து, வேலூருக்கே திரும்பிப் போய்விடுவார். ஒரே வழிதான் பாக்கி. மேசை இழுப்பறையில், போன மாதம் எடுத்துவைத்த புரோகிராமின் நகல் ஒரு சிடியில் இருந்தது. டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, அந்தப் பழைய நகலை வைத்து ஒப்பேற்ற வேண்டும். ஒரு மாத உழைப்பு போகும். போகட்டும்.

ஆனாலும் அடுத்தவர் பொருள். கேட்காமல் செய்யக்கூடாது. மாடிப்படித் தலைப்பில் நின்று முதலாளியைக் கூப்பிட்டார். தோளில் இரண்டு சேலையோடு தசரதன் பாதிப் படி ஏறிவந்து நின்றார்.

"என்னா சார், இன்னும் பேஜாரா?"

"வைரஸ்ங்க. உள்ள முழுக்கப் பரவியிருக்குது. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் ஆகும்."

"அழிச்சிடுங்க."

"அழிச்சா திரும்பி வராதுங்க. உள்ள உங்களுக்கு வேணுங்கறது ஏதாச்சும்..."

"உங்க பொட்டியில எனக்கு என்னா சார் இருக்குது?" தசரதன் சிரித்தார். "அழிக்கறதுக்குப் போயி இவ்ளோ யோசிச்சிகினு இருந்தா தொழில் பண்ண முடியுமா? நான்லாம் மனசுக்குப் புடிக்கலன்னா ஏத்துன பாவு நூலயே தறியில இருந்து இறக்கிடுவேன். ஜல்தியா முடிங்க. மச்சான் கண்ணமங்கலம் தாண்டிகினு இருப்பாரு."

மேசைக்குத் திரும்பியபோது கீதாவும் தன் பங்குக்குச் சொன்னாள். "விஜயதசமி சார். புதுசா தொடங்கறதுக்கு நல்ல நாள்தான்."

உண்மையிலேயே அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றார். அழித்தால் எல்லாம் போய்விடும், தெரியுமா என்று மறுபடி கேட்டது. இன்று முழுக்க அவரிடம் இவ்வளவு அக்கறையாக யாரும் பேசவில்லை. அதற்கும் ஆம் என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் ஆச்சரியமாகச் சரியாக நடந்தது. விண்டோஸ் ஏறியது. பழைய எடிட்டர் ஏறியது. இறக்கிய எக்ஸ்டென்ஷன்களில் பொருந்தக்கூடிய ஒன்று பொருந்தியது. போன மாதத்து நகலைத் திறந்தார். கட்டளைச் சொற்கள் நீலத்தில் நின்றன. குறிப்புகள் பச்சையில் நின்றன. புள்ளி வைத்தார். பட்டியல் விழுந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

சம்பந்தம் குட்டையான, சந்தேகமான மனிதர். கண்ணமங்கலத்து நெசவாளர் ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் தறியில் இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்டார். புஷ்பராஜ் தட்டினார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், பாதிச் சேலை முடிந்திருக்கிறது என்றது திரை. அது போன மாதத்துக் கணக்கு. ஆனால் அந்த நெசவாளர் எப்போதுமே பாதிச் சேலையில்தான் இருப்பார் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சம்பந்தம் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"நல்லாதான் கீது மச்சான். வேலூர்க்காரன் எதுக்கு?"

புஷ்பராஜின் முதுகில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வெயிலைப் பார்த்தார். இப்போது கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டுச் சாப்பாடுகூடக் கிடைக்கும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தசரதனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மைத்துனரின் தோளில் கைபோட்டுக்கொண்டார். "சாரோடத பாத்துட்டீங்க. இப்ப என்னோடத பாருங்க. அஞ்சு வருஷமா நானே குந்திகினு கம்ப்யூட்டர்ல போட்ட பார்டருங்க. மயில், ருத்ராட்சம், கோபுரம், எல்லாம். எவன் கண்ணுலயும் காட்டுனது கெடையாது, ஒரு காப்பிகூட எடுத்தது கெடையாது. எதுக்கும் பேரு கீரு வெக்கறதில்ல, பாத்தா எனக்குத் தெரியாதா? வாங்க."

மாடியிலேயே மரத் தடுப்புக்குப் பின்னால், காலையிலிருந்து எட்டிப் பார்க்காத தன் அறைக்குள் மைத்துனரை அழைத்துக்கொண்டு போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பராஜின் கை பைக்காதிலேயே நின்றது.

"துரை," என்று தசரதனின் குரல் வந்தது. "மேசைக்கு அடியில இருந்த என் பொட்டி எங்கடா?"

டீத் தட்டோடு படியேறி வந்த டிரைவர் துரை, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்று பதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு பொட்டியாவது சாமி முன்னாடி மாலையோட இருக்கணும்னு நம்ம வீட்டம்மா, சாரோட பொட்டிய பூஜை ரூம்லயே நிறுத்திட்டாங்க மொதலாளி; சாருக்கு வேலை கெடக் கூடாதேன்னு உங்க பொட்டியதான் காலையில அவரு மேசையில வெச்சேன்."