செந்தமிழன் சம்பளமும் எங்கள் பட்டறை போனஸும்

பள்ளிபாளையம்,
ஐப்பசி இரண்டாம் தேதி.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை தனசேகர் அவர்களுக்கு,

மச்சான் சென்னிமலை எழுதிக்கொண்டது. இங்கே நானும் வசந்தாமணியும் மகள் யுவஸ்ரீயும் சுகம். தறிச் சத்தத்தில் என் இடது காது மட்டும் அவ்வளவு சுகமில்லை. எடப்பாடியில் நீங்களும் என் தங்கை கலைமணியும் உங்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மிஷினும் ஒரு குறையுமில்லாமல் ஓடக் காவிரித்தாய் அருள் புரியட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், தீபாவளி நேரத்தில் எதற்கு மனஸ்தாபம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் நீங்கள் அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ் நினைவிருக்கும். பரமத்தி வேலூர்ப் பையன், நம் கபடி வீரன் செந்தமிழன், பழைய சம்பளம் ஒரு கோடி போதாது, ஒன்றரைக் கோடி கொடுத்தால்தான் இந்த அணியில் ஆடுவேன் என்று சொல்லிவிட்டானே, அந்த விஷயம். எனக்கு வயிறு எரிந்தது. ஏழு வருஷமாக அவன் ரெய்டுக்குப் போனால் டிவி முன்னால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'கபடி கபடி' சொல்கிறவன், போதாக்குறைக்கு ரசிகர் மன்றத் தலைவன் வேறு. நேராக உங்கள் கடைக்கு வந்து, "தம்பி செந்தமிழா! பணம் பெரிதா, பாசம் பெரிதா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடு! கண்ணீருடன், ரசிகர் மன்றம்" என்று எழுதச் சொன்னேன். நீங்கள்கூட, "எதுக்குங் மச்சான், அவன் சம்பளத்த அவன் கேக்கறான்" என்றீர்கள். நான் கேட்டேனா? அவன் படத்தைச் சின்னதாக்கி, நான் கும்பிட்டு நிற்கிற படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். கட்டினதுதான் கட்டினேன், ஊரில் வேறு இடமா இல்லை? நாலு பேர் கண்ணில் படட்டும் என்று எங்கள் தறிப்பட்டறைக்கு நேர் எதிரே கட்டினேன்.

தீபாவளி போனஸ் பேச்சு எங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஒரு சதவீதம் சொல்வோம், முதலாளி நூல் விலை ஏறிப்போச்சு என்பார், டீ வரும், மறுபடி முதலிலிருந்து. இந்த வருஷம் பட்டறையில் நாற்பது பேரும் சேர்ந்து என்னைத்தான் பேச அனுப்பினார்கள். துணைக்கு, நூல் சுற்றுகிற மாரக்காள் வந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன வருசம் பத்து குடுத்தீங்க, இந்த வருசம் பதினஞ்சு வேணுமுங்க" என்றேன். முதலாளி சிவக்குமார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"ஏனுங்க சென்னிமலை, அதோ கும்புட்டு நிக்கறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் சத்தமாப் படிங்க."

படித்தேன். 'கொடுத்ததை வாங்கிக்கொண்டு' என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதற்கு இடது காது காரணமில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க" என்று முதலாளி எனக்கு மட்டும் இன்னொரு டீ சொன்னார்.

வெளியே வந்ததும் மாரக்காள் கேட்டாள்: "ஏனுங்ணா, அந்தப் பையன் கேட்டது உங்க ஊட்டுக் காசுங்களா?"

"இல்ல சாமி, டீம் ஓனர் காசு."

"அவரு பேரென்னங்?"

எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. செந்தமிழனுக்கு எந்த முட்டியில் எத்தனை தையல் என்று தெரியும், அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் பேர் தெரியாது. கேட்டவனை ஊரறியத் திட்டினேன், மாட்டேன் என்றவரை ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. ஏன்? அன்றிலிருந்து இந்த 'ஏன்' என் மண்டைக்குள் தறி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. டீக்கடையில் கேட்டேன், ஈரோட்டு பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டேன், அவர் சில்லறை கேட்டார். கோடி வாங்குகிறவனும் நானும் ஒன்றா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, அவனுக்கு முட்டி இன்னும் நாலு வருஷம் தாங்குமா, அதற்கப்புறம் நானா சோறு போடப்போகிறேன் என்று மறுபக்கம் தோன்றுகிறது. அவன் விட்டுக்கொடுக்கிற அரைக் கோடி என் கைக்கா வரப்போகிறது, டிக்கெட்டாவது குறையுமா, அதுவும் இல்லை. வசந்தாமணியைக் கேட்டால், "நீங்க டிவி முன்னால கத்துனதுக்கு யாரும் கூலி தரல, அந்தக் கடுப்புதான்" என்கிறாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று பார்க்கிறேன்.

இரண்டாம் பேச்சில் முதலாளி விளையாட்டாகச் சொன்னாரோ விவரமாகச் சொன்னாரோ, "உங்காளு பழைய சம்பளத்துக்கு மேல ஒத்த ரூவா ஏத்தி வாங்கட்டும், நீங்க கேட்ட பதினஞ்சத் தாரேன். இல்லீனா பழைய பத்துதான்" என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பட்டறையே ரசிகர் மன்றமாகிவிட்டது. கபடி என்றால் எத்தனை பேர் என்று தெரியாத மாரக்காள், செந்தமிழன் பேருக்கு மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை வைத்திருக்கிறாள். நான் அன்றைக்கே ஃப்ளெக்ஸை அவிழ்த்து எங்கள் குளியலறைக்குக் கூரையாகப் போட்டுவிட்டேன். குளிக்கும்போது நிமிர்ந்தால் என்னை நானே கும்பிட்டு நிற்கிறேன். யுவஸ்ரீயை விட்டு இன்ஸ்டாகிராமில், "தம்பி, மன்னிச்சுக்கோ, ஒன்றரைக் கோடியில் ஒரு பைசா விடாதே" என்று செய்தியும் அனுப்பியாச்சு. அவன் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் முன்னிலையில் உறுதி சொல்கிறேன். ரெய்டுக்குப் போய் வெறுங்கையோடு வந்தால் திட்டுவேன், மாசாமாசம் டிவிக்கு ரீசார்ஜ் போடுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எந்த வீரன் எவ்வளவு சம்பளம் கேட்டாலும் இனி நான் வாயைத் திறக்கமாட்டேன், ஃப்ளெக்ஸும் கட்டமாட்டேன். கலைமணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், உங்கள் தொழில் மேலும் மேலும் பெருகக் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி தெளிந்த மச்சான்,
சென்னிமலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது யுவஸ்ரீ போனை நீட்டினாள். செந்தமிழன் வீடியோ போட்டிருக்கிறான், அவனுக்குப் பின்னால் நான் கும்பிட்டு நிற்கிறேன். எவனோ அந்த ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். "எங்க பக்கத்து அண்ணன் ஒருத்தர் கண்ணீரோட கேட்டுட்டாருங்க. எனக்குப் பணம் முக்கியமில்லீங்க, பழைய சம்பளத்துக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைக்கிறான். முதலாளி வீதி பூராவும் லட்டு கொடுத்தார். மாரக்காள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம், மாப்பிள்ளை, நாற்பது வீட்டுத் தீபாவளி.

எனவே அவசரமாக ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும். அதே அளவு, அதே கும்பிட்ட படம். வாசகம்: "தம்பி செந்தமிழா! கேட்ட சம்பளத்தை வாங்காமல் யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாய்? வன்மையாகக் கண்டிக்கிறோம்!" அப்புறம், சதுர அடிக்கு நாலு ரூபாய் ஏற்றிவிட்டீர்களாம், கலைமணி சொன்னாள். எனக்குப் பழைய ரேட்டிலேயே அடித்துக் கொடுங்கள். நமக்குள் பணமா பெரிது, பாசம்தானே?