ஐந்து வெடிகளும் ஒரு தலையணையும்

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் நாலாவது வரியில் தெரிந்துவிடும். விருதுநகரில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். படுக்கும் முன் வீட்டுத் தாழ்ப்பாள்களை மூன்று முறை எண்ணுவேன். (இருப்பவை ஏழு.)

நான் ஓய்வு பெற்று, முதல் செல்போன் வாங்கிய புதிது. பக்கத்துத் தெருவுக்குத் திருடன் துப்பாக்கியோடு வந்ததாக ஒரு பேச்சு. அன்றிலிருந்து தூக்கமில்லை. நம் வீட்டுக்கு வந்தால் எதன் பின்னால் ஒளிவது?

என் மனைவியின் தம்பி சங்கரபாண்டிக்கு பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தோட்டம். லைசென்ஸ் வாங்கிய ரிவால்வரும் உண்டு. எது குண்டைத் தாங்கும் என்று அவனிடம் கேட்டேன்.

“சுட்டே பாத்துருவோம் அத்தான். அங்கன தெனமும் வெடி டெஸ்ட் பண்றாக, நம்ம சத்தம் யாருக்குத் தெரியப்போகுது?”

ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான். வெடிக் கம்பெனிகளுக்கு லீவு. (இந்த மூளையைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

ரிவால்வரில் ஆறு குண்டு போட்டான். மண்மேட்டின் முன் ஒவ்வொரு பொருளாக வைத்துச் சுட, நான் எடுத்து வந்து ஓட்டைகளை எண்ணினேன். இலவம்பஞ்சுத் தலையணை: குண்டு நுழைந்ததும் தெரியவில்லை, மறுபக்கம் ஓட்டை போட்டுப் போனதும் தெரியவில்லை. தூக்குவாளி: இரண்டு ஓட்டை. உட்காரும் பலகை: பிளந்தது. சணலால் கட்டிய பத்துப் பழைய தினசரி காலண்டர்கள்: ஆறாவதில் குண்டு நின்றது. அரிசி மூட்டை: உள்ளேயே தங்கிவிட்டது. கடைசியாக டிரங்குப் பெட்டி. ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை.

அப்போதுதான் ஓலம் கேட்டது. ஊரே ஓடி வந்தது. முன்னால் ஒரு பெண், முந்தானை தரையில் புரள.

“எந்தக் கம்பெனிய்யா? எங்கன வெடிச்சுச்சு? எங்க வீட்டுக்காரரு வாச்மேனுய்யா!”

வேலை நாளில் வெடிச் சத்தம் கேட்டால் அது வேலை. லீவு நாளில் கேட்டால் விபத்து. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை.

சங்கரபாண்டி அவளைப் பார்க்கத் திரும்பினான். ரிவால்வரும் திரும்பியது, நேராக என் நெஞ்சுக்கு. போட்டது ஆறு, வெடித்தது ஐந்து.

“மாப்ளே, ஒண்ணு பாக்கி!” என்று அலறி, கைக்கு அகப்பட்டதன் பின்னால் பதுங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணுக்குள் ஒன்று, இரண்டு என்று இருபத்தாறு வரை எண்ணினேன். பிறகு விசில் சத்தம். திறந்து பார்த்தால் வாச்மேன் முழுசாக ஓடி வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்த பிறகு கோபம் வந்தது.

“வெளையாட ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலயா? உசுரு போயிட்டு வந்துச்சு!”

சங்கரபாண்டி மிச்சமிருந்த குண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

எழுந்து போகும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமா, எதுக்குப் பெரியவரே ஓட்டைத் தலகாணிக்குப் பின்னாடி இருக்கீக?”

அரிசி மூட்டை ஒரு முழம் தள்ளி இருந்தது. காலண்டர் கட்டு அதைவிடப் பக்கம்.

சங்கரபாண்டி ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டான், கதையை மட்டும் வைத்துக்கொண்டான். தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்பாள்: “என்னங்க, தலகாணி எடுத்தாரவா?”

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். (காலண்டர் கட்டு கட்டிலுக்கடியில் இருக்கிறது. பத்தும்.)