சஹனைச் சுற்றி ஓடிய கோச்சி

நாடு வங்குரோத்தாகிப் போன அந்த வருடத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை, பால்மா கிடைக்கவில்லை, கேஸ் கிடைக்கவில்லை. ஆலோசனை மட்டும் தாராளமாகக் கிடைத்தது. வரிசையில் நிற்கக்கூடத் தேவையில்லை, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தார்கள். எனக்கு வந்த ஆலோசனைகள் அத்தனையும் ஒன்றுதான்: "அந்தக் கோச்சிய வித்துத் தொலைங்க."

கோச்சி என்றால் புத்தளத்துக்கு வந்து நிற்கிற ரயில் அல்ல. என்னுடைய விளையாட்டு ரயில். (விளையாட்டு என்று எழுதவே கை கூசுகிறது. மாதிரி ரயில் என்பதுதான் சரி. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.) கட்டாரில் வேலை செய்தபோது, ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன். மற்றவர்கள் கட்டாரிலிருந்து கம்பளியும் பால்மா டின்னும் கொண்டுவருவார்கள். நான் ஒரு பச்சை எஞ்சினும் நாலைந்து பெட்டியும் ஒரு மூட்டை தண்டவாளமும் கொண்டுவந்தேன். என் மாமி, அதாவது மனைவியின் உம்மா, "நகை அடியில இருக்கும்" என்று கடைசித் தண்டவாளம் வரைக்கும் கிளறிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றுவரை மாறவில்லை.

கண்டக்குழியில் எனக்குப் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளெல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. ஓடாத எஞ்சினுக்கு யார் உதிரிப்பாகம் வாங்குவார்கள்? கடைக்கு வந்தவர்கள் நாட்டு நடப்பைக் கதைக்க வந்தார்கள், கதைத்துவிட்டு என் கதிரையிலேயே தூங்கினார்கள். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் தண்டவாளம் ஒரு வாரத்தில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய கைச்சுத்திகரிப்புத் திரவத்தால் துடைத்தால்தான் எஞ்சின் அசையும். நாள் முழுக்கக் கெட்ட செய்தியே கேட்கிற காலத்தில், அந்தப் பச்சை எஞ்சின் ஒரு சுற்று ஒழுங்காகப் போய் வந்தால் எனக்கு அது போதும். ஆனால் அதை யாருக்குச் சொல்வது?

"ஊரு முழுக்க விறகு தேடி ஓடுது, இவரு கோச்சி ஓட்டுறாரு" என்று என் மனைவி பரீஹா குசினிப் புகைக்குள்ளிருந்து சொல்வாள். எனக்கல்ல, சுவருக்கு.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், கரையோரத்தில் லொட்ஜ் நடத்துகிறவர். சுற்றுலாக்காரர் வராததால் அவருடைய குசினியில் நிறைந்த கேஸ் சிலிண்டர் சும்மா கிடந்தது. லொட்ஜின் முன்மண்டபத்தில் வைக்க என் கோச்சி வேண்டுமாம். பதிலுக்குச் சிலிண்டர். கேஸ் சிலிண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் பரீஹாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

"பெருநாளைக்கு அடுத்த நாள் சிலிண்டர் வருது, கோச்சி போகுது. கதை முடிஞ்சி" என்றாள்.

நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கிழமைதான் பரீஹாவின் தங்கை ரிஸ்னாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் மாம்புரியிலிருந்து நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கே நிக்காஹுக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் வாப்பா நெய்னா ஹாஜியார் மாம்புரியில் பெரிய தோட்டக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வாயால் "மாஷா அல்லாஹ்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் மாமிக்கு அது சட்டம். ஹாஜியார் கோச்சியைப் புகழ்ந்தால் மாமி விற்க விடமாட்டார், மாமி சொன்னால் பரீஹா மறுக்கமாட்டாள். இதுதான் என் திட்டம். (இப்போது எழுதும்போதும் திட்டம் நல்லதாகவே தெரிகிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.)

எங்கள் பக்கம் விருந்தென்றால் சஹன். பெரிய வட்டத் தட்டை நடுவில் வைத்து ஆறு பேர் சுற்றிவர நிலத்தில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். என்னிடமிருந்த தண்டவாளத்தை மிகச் சிறிய வட்டமாகப் பூட்டி அளந்து பார்த்தேன். சஹன் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டிகளில் ஈத்தம்பழம், அதாவது பேரீச்சம்பழம், அடுக்கி, பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கோச்சியை விட்டால், ஒவ்வொரு விருந்தாளிக்கும் முன்னால் பழம் தானாகப் போகும். உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று பெருமையாக இருந்தது. வராததற்குக் காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஒரே சிக்கல், நோன்பு திறக்கிற நேரம் பார்த்து எங்கள் பகுதிக்கு மின்வெட்டு. அதற்கும் வழி கண்டேன். வீட்டிலிருந்த எமர்ஜென்ஸி லைட்டைக் கழற்றி, அதற்குள்ளிருந்த பற்றரியை எஞ்சினுக்குப் பின்னால் முதல் பெட்டியில் வைத்து வயரைப் பூட்டினேன். எஞ்சின் பறந்தது. நிறுத்த ஒரு சுவிட்ச் வேண்டும் என்பது ஞாபகம் வரவில்லை. வீட்டில் இருந்தது அந்த ஒரு லைட்தான் என்பதும் ஞாபகம் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெற்றோல் இல்லாததால் ஹாஜியார் தோட்டத்து உழவு மெஷினில், வெள்ளை ஜுப்பாவோடு, மரக்கறி ஏற்றுகிற பெட்டியில் கதிரை போட்டு உட்கார்ந்து வந்தார். அந்தக் கோபம் முகத்தில் இருந்தது. ஆண்களெல்லாம் முன்மண்டபத்தில் சஹனைச் சுற்றி இருந்தோம். பெண்கள் திரைக்குப் பின்னால். கஞ்சி வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் இருந்தது. எஞ்சின் சூடாகட்டும் என்று வயரைப் பூட்டினேன்.

கோச்சி கிளம்பியது. ஈத்தம்பழத்தோடு ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றும் வந்தது. பாங்கு வரவில்லை. பள்ளிவாசல் பக்கத்துக்கு முன்னரே மின்வெட்டு தொடங்கிவிட்டது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பாங்கு சொல்பவரான மோதினார் ஒலிபெருக்கி இல்லாமல் வெறும் வாயால் கூப்பிடுகிறார், கடற்காற்று அதைக் கொண்டுபோய் வேறு ஊருக்குக் கொடுக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்களின் மூக்குக்கு நேரே பழம் வந்து வந்து போகிறது. எடுக்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

"மச்சான், இத நிப்பாட்டுங்களேன்" என்றான் மாப்பிள்ளை சப்ரி பரிதாபமாக.

"நிப்பாட்டேலா" என்றேன்.

"ஏன்?"

"சுவிட்ச் இல்ல."

ஹாஜியாருடைய கண் கோச்சியோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது யாருடைய போனிலோ பாங்கு கேட்டது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. அதே நொடியில் எங்கள் வீட்டிலும் கரண்ட் போனது. இருட்டில் தண்டவாளம் உடைகிற சத்தம், கஞ்சிக் கோப்பை உருளுகிற சத்தம், "பிஸ்மில்லாஹ்" என்கிற சத்தம், எல்லாம் கலந்து கேட்டன. எஞ்சின் "கிர்ர்ர்" என்று எங்கேயோ போனது.

"பரீஹா, லைட்டக் கொண்டா!" என்று மாமி கத்தினார்.

உள்ளே தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு என் மனைவியின் குரல், மிக மெதுவாக: "லைட்டு இருக்கி உம்மா. உள்ளுக்க ஒண்டும் இல்ல."

மெழுகுதிரி ஒன்று வந்தது. அந்த வெளிச்சத்தில் பாயில் கிடந்த ஈத்தம்பழங்களைப் பொறுக்கி ஒருவாறு நோன்பு திறந்தோம். எஞ்சினைத் தேட நான் குனிந்தபோது ஹாஜியார் எழுந்தார். "மஃரிபுக்கு நேரம் கொஞ்சம்தான். முதல்ல தொழுவம்" என்றார். மூத்தவர் என்பதால் அவரே முன்னால் போய் நின்றார். நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம். நான் அவருக்கு நேர் பின்னால்.

தக்பீர் சொல்லிக் கைகட்டித் தொழுகை தொடங்கியதும் கேட்டது, "கிர்ர்ர்."

கண்ணைத் தாழ்த்தினேன். ஹாஜியாரின் ஜுப்பா விளிம்பு நூல் எஞ்சின் சக்கரத்தில் சுற்றி இறுகியிருந்தது. பச்சை எஞ்சின், அதன் பின்னால் பற்றரிப் பெட்டி, பெட்டியில் ஒட்டிக்கொண்ட ஒரேயொரு ஈத்தம்பழம். சஹனிலிருந்து தொழுகை விரிப்பு வரைக்கும் அவர் அதை இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்!

தொழுகையில் பேச முடியாது. சிரித்தாலோ தொழுகை முறிந்துவிடும். அவர் குனிந்தால் எஞ்சின் முன்னால் போகும், நிமிர்ந்தால் பின்னால் வரும். வரிசையின் கோடியில் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. பிறகு ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையைவிட்டு வெளியே ஓடினார். அவர் பின்னால் இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் எஞ்சின், என் சிலிண்டர், என் மச்சினியின் நிக்காஹ் எல்லாம் ஒரே நூலில் தொங்கும்போது எப்படிச் சிரிப்பது?

நெற்றியை நிலத்தில் வைக்கிற ஸுஜூதில் அது என் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல், நைசாகக் கையை நகர்த்தி வயரைப் பிடித்து இழுத்தேன். வயர் வரவில்லை, ஜுப்பா வந்தது. ஹாஜியார் பலமாக ஒருதரம் தொண்டையைச் செருமினார். கையை எடுத்துவிட்டேன்.

ஒருவழியாக ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு அவர் திரும்பினார். அந்த வரிசையில் மிச்சம் நான் ஒருவன்தான்.

"எங்க மத்தாக்கள்?" என்றார்.

"வுழு முறிஞ்சிட்டு போல, ஹாஜியார்." (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிப் பெறுகிற சுத்தம்தான் வுழு. வயிற்றுக் காற்றுப் பிரிந்தாலும் அது முறிந்துவிடும்.)

"எல்லாருக்குமா?" அவர் புருவம் உயர்ந்தது. "கஞ்சியில என்னத்தப் போட்டீங்க?"

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் பாய்ந்து வந்தது. "கஞ்சியில ஒண்டுமில்ல, சம்பந்தி! மருமகன்ட கோச்சி! உங்கட ஜுப்பாவுல!"

ஹாஜியார் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கோச்சியும் திரும்பியது. வலப்பக்கம் திரும்பினார். கடைசியில் விளிம்பைத் தூக்கி எஞ்சினைக் கையில் எடுத்தார். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நிக்காஹ் போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"இதுக்குப் பெற்றோல் வேணாமா?" என்றார்.

"வேணாம், ஹாஜியார். பற்றரி."

"மண்ணெண்ணெய்?"

"அதும் வேணாம்."

எஞ்சினைப் புரட்டி அடியைப் பார்த்தார். "அப்ப இந்த நாட்டுல இண்டைக்கு ஓடுறது இது ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த ஈத்தம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே முற்றத்தில் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. ஹாஜியாரும் சிரித்தார், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. நூலை வெட்டி எஞ்சினை விடுவித்ததும், தண்டவாளத்தைத் திரும்பப் பூட்டச் சொன்னார். சோற்றுச் சஹன் வந்தபோது அதைச் சுற்றி எலுமிச்சை ஊறுகாய் ஓடியது. "வளைவுல கவிழுது, பின்பெட்டிக்குப் பாரம் வைங்க" என்று எனக்கே ஆலோசனை வேறு. அந்தச் சந்தடியில் நிக்காஹுக்கு நாளும் குறித்தாயிற்று.

பெருநாளைக்கு அடுத்த நாள் லொட்ஜ்காரர் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பரீஹா வாசலில் நின்று சிலிண்டரைப் பார்த்தாள், தொட்டும் பார்த்தாள்.

"கொண்டு போங்க" என்றாள். "ஹாஜியார் வலீமா விருந்துக்குக் கோச்சி வரணும் எண்டு சொல்லி அனுப்பியிருக்காரு."

அழுதுவிடுவாள் போலிருந்தது. அதன் பிறகு கேஸ் ஒழுங்காக வரும்வரை தென்னமட்டையை எரித்துத்தான் சமைத்தாள். புகையில் கண் எரியும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். சுவரிடம் பேசுவதைமட்டும் நிறுத்திவிட்டாள்.

கோச்சி பிழைத்தது உண்மை. ஆனால் என்னுடையதாக இல்லை. நோன்பு வந்தால் ஆள் அனுப்பி மாம்புரிக்கு வரவழைக்கிறார்கள். கோச்சியைத்தான், கூடவே என்னையும். யோசனை தன்னுடையது என்று மாமி விருந்தாளிகளுக்குச் சொல்கிறார். ஓட்டுவது ஹாஜியார். உப்புக்காற்றில் பழுதான தண்டவாளத்தைத் துடைப்பது நான். ஊரில் என் பெயர் 'கோச்சி மச்சான்'.

தொழுகைக்கு வரிசை கட்டும்போது, தக்பீர் சொல்வதற்கு முன்னால், ஹாஜியார் முன்னால் நின்றபடியே தலையைத் திருப்பாமல் ஒரு கேள்வி கேட்பார்: "கோச்சி மச்சான், பெட்டி கழட்டியாச்சா?"

"கழட்டியாச்சி, ஹாஜியார்" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தொழுகை ஆரம்பிக்காது. சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குனிந்து அவருடைய ஜுப்பா விளிம்பை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.